நஞ்சுக்கு ஒரு இலட்சம் ஆண்டுகள், நினைவுக்கு எத்தனை?

வவுனியாவில் போன் திருத்தும் கடையொன்றில் சில மாதங்களுக்கு முன்னர் ஒரு அம்மாவுடன் காத்திருந்தேன். 2008இல் காணாமல் ஆக்கப்பட்ட மகன் வீட்டில் விட்டுச்சென்ற போனை அவர் கொண்டுவந்திருந்தார். பொத்தான்கள் வைத்த பழைய போன். பொலித்தீன் பையில் சுற்றி, அதற்கு மேல் துணியால் சுற்றி, இத்தனை வருடமும் அலுமாரிக்குள் வைத்திருந்திருக்கிறார். பின்மூடி பொருந்தாத அளவுக்கு அதன் பற்றரி ஊதியிருந்தது.

"அம்மா, இதை இனிச் சார்ச்சில போட்டுடாதேங்கோ, வெடிச்சாலும் வெடிக்கும்" என்றார் கடையில் இருந்த தம்பி. பற்றரியைக் கழற்றி ஒதுக்கிவைத்துவிட்டு, வேறு வழியால் மின்சாரம் கொடுத்துப் போனை உயிர்ப்பித்தார். உள்ளே பதினொரு படங்கள் இருந்தன. எட்டு முழுதாகத் திறந்தன. இரண்டில் மேல்பாதி மட்டும் தெரிந்தது, மிச்சம் சாம்பல் நிறம். ஒன்று திறக்கவே இல்லை. திறந்தவற்றை மகளின் போனுக்கு மாற்றிக் கொடுத்தார். அந்த அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "தம்பி, இதில இனி எத்தனை வருசத்துக்கு இருக்கும்?"

அப்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை உலகின் பெரிய ஆய்வுகூடங்களும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. பற்றரி, அணுக்கழிவு, கணினித் தரவு என்பன மூன்று வேறு துறைகள் போலத் தெரிந்தாலும், மூன்றிலும் பொறியியலாளர்களின் முன்னால் இருப்பது ஒரே பிரச்சினைதான். ஒன்றை எதற்குள் வைப்பது, எவ்வளவு காலம் வைப்பது, வைத்த பாத்திரம் பழுதானால் என்ன செய்வது?

துறைகள் தனித்தனியானவை அல்ல என்பதற்கு ஒரு மனிதரே சாட்சி. லித்தியம் அயன் பற்றரிக்காக 2019இல் வேதியியல் நொபெல் பரிசு பெற்ற மூவரில் ஒருவர் ஜோன் குட்இனஃப். அப்போது அவருக்கு வயது 97. இன்றுள்ள போன் பற்றரிகளுக்கு வழிதிறந்த கோபால்ட் ஒக்சைட் மின்வாயை 1980இல் ஒக்ஸ்ஃபோர்ட்டில் உருவாக்கியவர். அதற்கு முன்னர், 1950களில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. லிங்கன் ஆய்வுகூடத்தில் கணினிகளுக்கான காந்த நினைவகத்தை உருவாக்கிய குழுவில் வேலை செய்தவர். தரவைத் தேக்கும் பொருளையும் மின்சாரத்தைத் தேக்கும் பொருளையும் ஒரே மனிதர் ஆராய்ந்திருக்கிறார்.

ஒரே அறையில் பற்றரியும் தரவும்

தென்கொரியாவின் டேஜோன் நகரில் அந்நாட்டு அரசாங்கத்தின் தேசிய தகவல் வளங்கள் சேவையின் தரவு மையம் இருக்கிறது. 2025 செப்டெம்பர் 26ஆம் திகதி இரவு, அதன் ஐந்தாம் மாடியில், மின்தடை நேரத்தில் சேவையகங்களுக்கு மின்சாரம் கொடுப்பதற்காக வைக்கப்பட்டிருந்த லித்தியம் அயன் பற்றரிகளில் தீப்பிடித்தது. 384 பற்றரித் தொகுதிகள் எரிந்தன. தீயை முழுமையாக அணைக்க ஏறத்தாழ ஒரு நாள் எடுத்தது. அறுநூறுக்கும் மேற்பட்ட அரச இணையச் சேவைகள் நின்றுபோயின.

லித்தியம் அயன் பற்றரியில் தீ ஏன் இவ்வளவு பிடிவாதமாக எரிகிறது? இரண்டு மின்வாய்களையும் பிரித்து வைத்திருப்பது மிக மெல்லிய ஒரு படலம். அது கிழிந்தாலோ உருகினாலோ உள்ளுக்குள் மின்னோட்டம் குறுக்கே பாய்ந்து வெப்பம் ஏறுகிறது. வெப்பம் வேதிவினையைத் தூண்ட, வேதிவினை மேலும் வெப்பத்தைக் கூட்டுகிறது. சில வகை மின்வாய்கள் அந்தச் சூட்டில் சிதைந்து தாமே ஒட்சிசனையும் வெளிவிடுகின்றன. ஒன்று பற்றினால் பக்கத்தில் உள்ளதும் பற்றும். வெளியிலிருந்து காற்றைத் தடுத்தால் மட்டும் இது அணையாது. இதனால்தான் இரும்புப் பொஸ்பேற் மின்வாய், சோடியம் அயன் பற்றரி, திரவத்துக்குப் பதிலாகத் திண்மத்தைப் பயன்படுத்தும் பற்றரி என்று ஆய்வுகள் பல பக்கங்களில் நடக்கின்றன. போனில் ஊதிய பற்றரியும் இதே குடும்பம்தான். உள்ளே சிதைவினால் வாயு சேர்ந்துவிட்டது என்பதற்கு அந்த வீக்கம் அறிகுறி.

டேஜோனில் கவனிக்கவேண்டிய விடயம் வேறொன்று. 2022 ஒக்டோபரில் பாங்யோவில் இருந்த தரவு மையம் ஒன்றில் இதே போன்ற பற்றரித் தீயால் ககாவோ நிறுவனத்தின் சேவைகள் நாடு முழுவதும் முடங்கின. அந்த அனுபவத்துக்குப் பிறகுதான் டேஜோனிலும் பற்றரிகளைச் சேவையகங்களிலிருந்து பிரித்துக் கீழ்த்தளத்துக்கு மாற்றும் வேலை தொடங்கியது. அந்த வேலை நடந்துகொண்டிருந்தபோதே தீ பிடித்தது. ஆபத்து முன்பே தெரிந்திருந்தது, தீர்வும் தெரிந்திருந்தது, ஆனால் அது முடியவில்லை.

எரிந்தவற்றில் 'ஜி-டிரைவ்' என்ற சேமிப்பகமும் ஒன்று. அரச உத்தியோகத்தர்கள் தமது வேலைக் கோப்புகளை அதில் வைத்திருந்தார்கள். 858 டெராபைட். ஏறத்தாழ ஒன்றேகால் இலட்சம் உத்தியோகத்தர்களின் கோப்புகள். அளவு மிகப் பெரியது என்பதால் வெளியிடத்தில் அதற்கு மாற்றுப் பிரதி வைக்கப்பட்டிருக்கவில்லை. உலகின் மிக முன்னேறிய டிஜிட்டல் அரசாங்கங்களில் ஒன்று தன் உத்தியோகத்தர்களின் எட்டு வருட வேலையை ஒரே கட்டடத்தில் வைத்து இழந்தது.

இதைத் தொலைதூரத்துச் செய்தியாக வாசித்துவிட்டுப் போக எங்களால் முடியாது. 2023 ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் 'லங்கா கவர்ன்மென்ட் கிளவுட்' கப்பம் கேட்கும் தீநிரலால் தாக்கப்பட்டது. அரச மின்னஞ்சலைப் பயன்படுத்திய சுமார் 5,000 முகவரிகள் பாதிக்கப்பட்டன. இணைப்பிலேயே இருந்த மாற்றுப் பிரதியும் சேர்த்துப் பூட்டப்பட்டது. மே 17 தொடக்கம் ஓகஸ்ட் 26 வரையான மின்னஞ்சல்கள் திரும்பி வரவில்லை. அமைச்சரவை அலுவலகமும் பாதிக்கப்பட்டவற்றுள் ஒன்று. கொரியாவில் தீ, கொழும்பில் தீநிரல். மூலப் பிரதியும் மாற்றுப் பிரதியும் ஒரே ஆபத்துக்குள் இருந்தன என்பதுதான் இரண்டுக்கும் பொது.

பாறைக்குள் 430 மீற்றர்

பின்லாந்தின் மேற்குக் கரையில் யூராயோகி என்ற சிறிய நகரசபைப் பிரதேசத்துக்குள் ஒல்கிலுவோட்டோ தீவு இருக்கிறது. அங்கு ஏறத்தாழ 190 கோடி ஆண்டு பழைமையான பாறைக்குள், சுமார் 430 மீற்றர் ஆழத்தில், 'ஒன்கலோ' என்ற சுரங்கத்தைத் தோண்டியிருக்கிறார்கள். அந்நாட்டு மொழியில் அதற்குக் குகைப் பொந்து என்ற பொருள். அணு உலைகளில் பயன்படுத்தி முடித்த எரிபொருளை நிரந்தரமாகப் புதைப்பதற்கான இடம் அது. 2004இல் தோண்டத் தொடங்கினார்கள். 2024 ஓகஸ்ட்டில், உண்மையான கழிவு இல்லாமல், வெறும் கொள்கலன்களை வைத்து ஒத்திகை ஆரம்பமானது. ஏறத்தாழ 6,500 தொன் யுரேனியம் அங்கு போகவேண்டும். ஒரு இலட்சம் ஆண்டுகள் அது அசையாமல் இருக்கவேண்டும் என்பது கணக்கு.

அதன் வடிவமைப்பில் எனக்குப் பிடித்தது, எந்த ஒரு பொருளையும் அவர்கள் முழுமையாக நம்பவில்லை என்பது. எரிபொருள் வார்ப்பிரும்புக் கூட்டுக்குள் இருக்கும். அதைச் சுற்றி ஐந்து சென்ரிமீற்றர் தடித்த செப்புக் கொள்கலன். அதைச் சுற்றி, நீர் பட்டால் ஊதி இடைவெளிகளை அடைக்கும் பென்டோனைட் களிமண். அதற்கும் வெளியே பாறை. ஒன்று தோற்றால் மற்றது தாங்கவேண்டும். ஒவ்வொன்றும் தோற்கும் விதமும் வெவ்வேறாக இருக்கவேண்டும்.

இந்த முறையை முதலில் வகுத்தவர்கள் சுவீடன்காரர்கள். அங்கேயே, செப்பு அரிக்காது என்ற நம்பிக்கையைச் சில ஆய்வாளர்கள் கேள்விக்கு உட்படுத்தினார்கள். ஒட்சிசன் இல்லாத நீரிலும் அரிப்பு நடக்கலாம் என்றார்கள். 2018இல் அந்நாட்டு நிலம் மற்றும் சூழல் நீதிமன்றம், இந்தச் சந்தேகங்கள் தீராமல் அனுமதி கொடுக்கக்கூடாது என்று அரசாங்கத்துக்கு அறிவுறுத்தியது. மேலும் ஆய்வுகள் சமர்ப்பிக்கப்பட்டு 2022 ஜனவரியில்தான் அனுமதி கிடைத்தது. மாற்றுக்கருத்து சொன்னவர்களை யாரும் நாட்டின் எதிரிகள் என்று ஒதுக்கவில்லை. அவர்களின் சந்தேகமும் பாதுகாப்பின் ஒரு பகுதியானது.

சம்மதம் கேட்கப்பட்டதும் முக்கியம். பின்லாந்துச் சட்டப்படி, அந்த இடத்தின் உள்ளூராட்சி சபை மறுத்தால் திட்டம் அங்கேயே நின்றுவிடும். 2000ஆம் ஆண்டில் யூராயோகி சபையில் 20 பேர் ஆதரவாகவும் 7 பேர் எதிராகவும் வாக்களித்தார்கள். அடுத்த வருடம் பாராளுமன்றம் 159க்கு 3 என்ற வாக்குகளால் ஏற்றுக்கொண்டது. செலவுக்கான பணம் மின்சாரத்தின் விலையிலேயே சேர்க்கப்பட்டு ஒரு நிதியத்தில் திரட்டப்படுகிறது. கழிவை உண்டாக்கிய தலைமுறையே செலவையும் கொடுக்கவேண்டும் என்பது அதன் அடிப்படை.

இவ்வளவு கவனம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், உப்புப் படிவத்துக்குள் இராணுவ அணுக்கழிவைப் புதைக்கும் நிலையம் 1999இல் திறக்கப்பட்டது. 2014 பெப்ரவரியில் அங்கே ஒரு கழிவுப் பீப்பா வெடித்துக் கதிரியக்கம் கசிந்தது. பீப்பாவுக்குள் ஈரத்தை உறிஞ்சுவதற்குப் பூனை மலம் கழிக்கும் பெட்டியில் போடும் தூளைச் சேர்ப்பது வழக்கம். களிமண் வகைக்குப் பதிலாகக் கோதுமையால் செய்த வகையைச் சேர்த்துவிட்டார்கள். அது நைத்திரேற்று உப்புகளுடன் சேர்ந்து சூடேறியது. நிலையம் மூன்று வருடங்கள் வரை மூடிக்கிடந்தது. பத்தாயிரம் ஆண்டுகளுக்கு என்று திட்டமிட்ட இடத்தைப் பதினைந்தாம் வருடத்திலேயே ஒரு தூள் நிறுத்தியது.

காகிதத்துக்குத் திரும்பிய அணுப் பொறியியலாளர்கள்

அணுக்கழிவும் தரவும் சந்திக்கும் இடம் ஒன்றுண்டு. கீழே என்ன இருக்கிறது என்பதை வருங்காலத்துக்கு எப்படிச் சொல்வது? பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பின் அணுசக்தி முகவரகம் 2011 முதல் 2018 வரை இதற்கென்றே ஒரு கூட்டுத் திட்டத்தை நடத்தியது. எந்தவொரு தனி வழியும் போதாது, பல வழிகளை ஒன்றாகப் பயன்படுத்தவேண்டும் என்பதே அதன் முடிவு. பிரான்ஸில் மான்ஷ் பகுதியிலுள்ள மூடப்பட்ட கழிவு நிலையத்தின் ஆவணங்களை நீண்டகாலம் தாங்கும் தனிவகைக் காகிதத்தில் அச்சிட்டு, ஒரு பிரதியை நிலையத்திலும் மற்றதைத் தேசிய ஆவணக் காப்பகத்திலும் வைத்திருக்கிறார்கள். அணுவைப் பிளந்தவர்கள் கடைசியில் நம்பியது காகிதத்தையும், அது இரண்டு ஊர்களில் இருப்பதையும்.

ஏனென்றால் இன்றைய டிஜிட்டல் சேமிப்பு நாங்கள் நினைப்பதைவிடப் பலவீனமானது. மெமரி கார்ட், பென் ட்ரைவ், போனின் உள் நினைவகம் எல்லாவற்றிலும் தகவல் என்பது மிகச் சிறிய அறைகளுக்குள் அடைபட்ட மின்னேற்றம். காப்புப் படலத்தினூடாக அது மெதுமெதுவாகக் கசியும். சூட்டில் வேகமாகக் கசியும். தகரக் கூரைக்குக் கீழே அலுமாரியில் கிடந்த போனுக்குள் பாதிப் படம் சாம்பலானதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நாங்கள் எரித்து வைத்த சீடிகளில் இருப்பது ஒரு சாயப்படை. வெளிச்சமும் ஈரமும் சூடும் அதைக் கெடுக்கும். ஹார்ட் டிஸ்க் சுழலும் இயந்திரம், என்றாவது ஒருநாள் நிற்கும். பெரிய நிறுவனங்கள் பயன்படுத்தும் காந்த நாடா குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் முப்பது வருடங்கள் தாங்கும் என்கிறார்கள் தயாரிப்பாளர்கள். ஆனால் அப்போது அதை வாசிக்கும் இயந்திரமும் இருக்கவேண்டும்.

இதற்காகவே கண்ணாடி ஆராயப்படுகிறது. பிரித்தானியாவின் சவுதாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வுகளைத் தொடர்ந்து, மைக்ரோசொஃப்ட்டின் 'புரொஜெக்ட் சிலிக்கா' குவார்ட்ஸ் கண்ணாடிக்குள் லேசரால் நுண்ணிய அடையாளங்களைப் பொறிக்கும் முறையை உருவாக்கியது. 2019இல், 75 மில்லிமீற்றர் சதுரமும் 2 மில்லிமீற்றர் தடிப்பும் கொண்ட கண்ணாடித் துண்டில் 'சூப்பர்மேன்' திரைப்படம் முழுவதையும் பதிந்து காட்டினார்கள். கொதிநீரோ காந்தமோ அதை அழிக்காது. நோர்வேயின் ஸ்வால்பார்ட் தீவில் பழைய நிலக்கரிச் சுரங்கமொன்றுக்குள் 2017 முதல் தரவுகளைப் படச்சுருளில் பதிந்து வைக்கிறார்கள். வெளிச்சமும் ஒரு உருப்பெருக்கியும் இருந்தால் வாசிக்கலாம் என்பது அதன் பலம்.

இவை எதுவும் வவுனியாக் கடைக்கு இன்னும் வரவில்லை. பாறைக்குள் போகும் நஞ்சுக்கு அரசும் நிதியமும் சட்டமும் இருக்கின்றன. அந்த எட்டுப் படங்களுக்கு இருப்பது ஒரு தாயும் ஒரு மகளும்தான்.

எமது பெட்டகங்கள்

அந்த அம்மாவிடம் படங்கள் மட்டும் இருக்கவில்லை. பொலிஸ் முறைப்பாட்டுத் துண்டு, செஞ்சிலுவைச் சங்கக் கடிதம், ஆணைக்குழு ஒவ்வொன்றுக்கும் கொடுத்த படிவங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருந்தன. 2010இல் கற்றுக்கொண்ட பாடங்கள் ஆணைக்குழு, 2013இல் பரணகம ஆணைக்குழு, 2018இல் இயங்கத் தொடங்கிய காணாமல் போனோர் அலுவலகம். ஒவ்வொன்றும் அதே தாளை மறுபடியும் கேட்டன. தாய்மார் மூலப்பிரதியைக் கொடுக்கப் பயந்து போட்டோக்கொப்பி எடுத்துக் கொடுத்தார்கள். சேமிப்பகத்தை நம்பாதவர் செய்வது அதைத்தான்.

அந்தப் பயம் வீண் பயமல்ல. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் போயின. அவற்றில் சில உலகில் அந்த ஒரு பிரதி மட்டுமே இருந்தவை. டேஜோனில் கவனக்குறைவு, யாழ்ப்பாணத்தில் திட்டமிட்ட அழிப்பு. குற்றத்தைப் பொறுத்தவரை இரண்டையும் ஒன்றாக வைக்கவே முடியாது. ஆனால் பாதுகாப்பைத் திட்டமிடுபவர் இரண்டிலிருந்தும் எடுத்துக்கொள்ளவேண்டிய பாடம் ஒன்றுதான். 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகத் திட்டம் அந்தப் பாடத்திலிருந்து பிறந்தது. ஆனால் அதுபோன்ற முயற்சிகள் பெரும்பாலும் நன்கொடையாளர்களின் தயவில், வருடம் வருடமாக மூச்சு விடுகின்றன. பின்லாந்தின் நிதியம் போல எங்கள் நினைவுக்கு ஒரு நிதியம் இல்லை.

ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் பேரவை 2021 மார்ச்சில் நிறைவேற்றிய 46/1 தீர்மானம், இலங்கை தொடர்பான தகவல்களையும் ஆதாரங்களையும் திரட்டி, ஒருங்கிணைத்து, பகுப்பாய்ந்து, பாதுகாக்கும் பொறுப்பை மனித உரிமைகள் உயர்ஸ்தானிகர் அலுவலகத்துக்குக் கொடுத்தது. எங்களுக்கு வெளியே, வேறொரு இடத்தில் ஒரு பிரதி இருப்பது நல்லது. ஆனால் அந்தப் பொறுப்பு காலத்துக்குக் காலம் வாக்கெடுப்பாலோ இணக்கத்தாலோ நீட்டிக்கப்பட வேண்டியது. அதுவும் ஒரு கொள்கலன்தான். அதுவே பாறை என்று நாங்கள் இருந்துவிடக்கூடாது.

இன்னொரு விடயத்தையும் சொல்லவேண்டும். ஒன்கலோ மறக்கப்படுவதற்காகக் கட்டப்பட்ட இடம். மூடிய பிறகு காவலும் பராமரிப்பும் இல்லாமலே பாதுகாப்பாக இருக்கவேண்டும் என்பதுதான் அதன் இலக்கு. பழையதைக் கிளறாமல் முன்னேறுவோம் என்று எங்களிடம் சொல்பவர்கள், எங்கள் நினைவையும் அப்படி மூடவேண்டிய கழிவாகப் பார்க்கிறார்கள். 2025இல் செம்மணி சித்துப்பாத்தி மயானத்தில் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிவந்தன. ஒரு பிள்ளையின் பாடசாலைப் பையும் வந்தது. கண்டெடுத்த பொருட்களை அடையாளம் காண்பதற்காக அந்த ஓகஸ்ட் 5ஆம் திகதி மக்களுக்குக் காட்டினார்கள். புதைத்தவர்கள் மறதியை எதிர்பார்த்தார்கள், மண் வைத்திருந்தது. ஆனால் பை யாருடையது என்று மண் சொல்லாது. அதைச் சொல்வதற்கு ஒரு தாயின் ஞாபகமோ, அந்தப் பையோடு பிள்ளை நிற்கும் ஒரு படமோ வேண்டும். அந்தப் படம் இன்று யாருடைய போனில், எந்தச் சீடியில் இருக்கிறது?

அதனால், பொறியியலாளர்கள் கற்றதை எங்கள் வீட்டளவுக்குச் சுருக்கிச் சொல்கிறேன். மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வேறு வகையான பொருட்களில் வேண்டும், உதாரணமாக ஒன்று ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று அச்சிட்ட படமாக. ஒன்றாவது வேறு ஊரில், முடிந்தால் வேறு நாட்டில் இருக்கவேண்டும். வருடத்துக்கு ஒருமுறை, ஒரு குறிப்பிட்ட நாளில், எல்லாவற்றையும் திறந்து பார்க்கவேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றவேண்டும். படத்தில் இருப்பவர் யார், எங்கே, எப்போது என்பதைக் கையால் எழுதிச் சேர்த்து வைக்கவேண்டும், ஏனெனில் பெயரில்லாத படம் அடுத்த தலைமுறைக்கு வெறும் முகம். ஊதிய பற்றரியோடு போனைச் சார்ச்சில் போடக்கூடாது. அதற்காகப் போனை எறியவும் கூடாது, பற்றரியை மட்டும் தெரிந்தவரிடம் கொடுத்துக் கழற்றவேண்டும்.

சாட்சியங்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் தேவை. எல்லாவற்றையும் முகநூலில் போடுவது பாதுகாப்பு ஆகாது. ஒரு சாட்சியின் பெயர் வெளியானால் அவருடைய உயிருக்கு ஆபத்து வரலாம். யார் பார்க்கலாம், எப்போது பார்க்கலாம், கொடுத்தவர் இறந்தபின் யார் தீர்மானிக்கலாம் என்பதைக் கொடுத்தவரிடமே கேட்டு எழுதி வைக்கவேண்டும். நஞ்சைப் புதைப்பதற்கே ஒரு நகரசபையிடம் சம்மதம் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தாய்மாரின் கோப்புகளைச் சேகரிக்கும் அமைப்புகள், ஊடகவியலாளராகிய நானும் சேர்த்து, அவர்களிடம் அந்தளவுக்காவது கேட்கவேண்டும்.

தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். கோப்புகள் அலுமாரிகளில் அனாதையாகின்றன. இதை ஒவ்வொரு குடும்பமும் தனியாகச் செய்யமுடியாது. ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு ஸ்கானரும் பொறுப்பான இரண்டு பேரும் ஒரு சிறு நிதியும் இருந்தால் தொடங்கலாம். எங்கள் உள்ளூராட்சி சபைகளும், புலம்பெயர் அமைப்புகளும், பல்கலைக்கழகங்களும் இதைப் பற்றி இன்னும் ஒரு மேசையில் இருந்து பேசவில்லை என்பதுதான் என் கவலை.

அந்த அம்மாவை மறுபடியும் போய்ச் சந்தித்தேன். எட்டுப் படங்களையும், பாதி தெரிந்த இரண்டையும் அச்சிட்டுக் கொண்டுபோயிருந்தேன். ஒரு பிரதி கனடாவில் இருக்கும் அவரது தங்கைக்கு ஏற்கெனவே போயிருந்தது. ஒவ்வொன்றின் பின்னாலும் மகள் பெயரும் இடமும் எழுதினார். கடைசிப் படத்தில் திகதி யாருக்கும் சரியாக ஞாபகம் இல்லை. அம்மா யோசித்துவிட்டுச் சொன்னார்: "கோயில் கொடியேறின கிழமை எண்டு எழுது பிள்ளை. அது காணும்."

எத்தனை வருசம் இருக்கும் என்ற அவருடைய கேள்விக்கு அன்று என் பதிலைச் சொன்னேன். "நாங்கள் திறந்து பாத்துக்கொண்டு இருக்கும் வரைக்கும் இருக்கும் அம்மா."